ஏழாம் இனிங்ஸ், மூன்று பேஸும் நிறைவு, முழங்கையில் பட்ட பந்து: ஒரு தீர்ப்பின் ஆய்வு

கீழே வரும் நிகழ்வு பேஸ்போல் நடுவர் பயிற்சிக்காக அமைக்கப்பட்டது. அணிகளுக்கும் ஆட்களுக்கும் பெயர் இல்லை. இடம் திருகோணமலை நகரில் ஒரு பாடசாலை மைதானம், நேரம் கச்சான் காற்று அடிக்கும் ஒரு பின்னேரம். விதிகளும் அளவுகளும் உத்தியோகபூர்வ பேஸ்போல் விதிநூலில் உள்ளவை.

நடந்தது

ஏழு இனிங்ஸ் ஆட்டம். ஏழாவதின் பின்பாதியில் ஓட்டங்கள் 4–4. ஒருவர் அவுட். மூன்று பேஸ்களிலும் (ஓடிப் போய் நிற்கும் மூலைகள்) ஓட்டக்காரர்கள். எண்ணிக்கை ஒரு 'போல்' (வலயத்துக்கு வெளியே போன எறி), இரண்டு ஸ்ட்ரைக் (துடுப்பாளருக்கு எதிரான எறி, மூன்றானால் அவுட்). பிச்சரும் (பந்தெறிபவர்) வலக்கை, துடுப்பாளரும் வலக்கை. இரண்டே நடுவர்கள்: ஒருவர் ஹோம் பிளேட்டுக்கு (துடுப்பாளர் அருகில் நிற்கும் தரைத் தட்டு, ஓட்டம் முடியும் இடம்) பின்னால், மற்றவர் உட்களத்தில்.

பிச்சர் கேர்வ் (வளைந்து இறங்கும் எறி) போடுகிறார். பந்து துடுப்பாளரின் இடது தோளைக் குறிவைத்ததுபோல் புறப்படுகிறது. துடுப்பாளர் முகத்தைத் திருப்புகிறார், தோளை உள்ளே மடக்குகிறார், பின்னங்காலில் சாய்கிறார். துடுப்பு அசையவில்லை. பந்தோ கடைசி இரண்டு மூன்று மீற்றரில் கீழே இறங்கி பிளேட் பக்கமாக வளைகிறது. உடல் திரும்பியபோது பின்தங்கிப்போன இடது முழங்கை ஒரு சாண் கீழே இறங்கி பிளேட்டுக்கு மேலேயே நிற்கிறது. முழங்கைக் காப்பில் 'டக்' என்று ஒரு சத்தம். பந்து கெட்சரின் (பிளேட்டுக்குப் பின்னால் எறியைப் பிடிப்பவர்) கையுறையைத் தாண்டி முதலாம் பேஸ் பக்கம் உருண்டு போகிறது.

பிளேட் நடுவர் வாய் திறக்கவில்லை. மூன்றாம் பேஸில் நின்றவர் ஓடிவந்து ஹோம் பிளேட்டை மிதிக்கிறார். இரண்டாம் பேஸ்காரர் மூன்றைச் சுற்றி வந்துகொண்டிருக்கிறார். கெட்சர் பந்தைத் துரத்துகிறார். அதற்குப் பிறகுதான் நடுவர் கைகளை உயர்த்தி, துடுப்பாளரை முதலாம் பேஸுக்குப் போகச் சொல்கிறார். 5–4, ஆட்டம் முடிந்தது என்று துடுப்பெடுத்த அணி கத்திக்கொண்டு மைதானத்துக்குள் பாய்கிறது.

களத்தடுப்பு அணியின் பயிற்றுவிப்பாளர் வருகிறார். "சேர், பட்டது சரி. படேக்க பந்து எங்க இருந்தது?"

"பிளேட்டுக்கு மேலதான். ஆனா பெடியன் விலகப் பார்த்தவன்தானே."

இந்த ஒரு பதில் போதும். தீர்ப்பு பிழை. நடுவர் கண்ணால் கண்டது சரி. கண்டதற்கு விதியைப் பொருத்திய விதத்தில்தான் பிழை, ஆகவே அந்த இடத்திலேயே திருத்தலாம், திருத்தவும் வேண்டும்.

கேள்விகளின் வரிசை

விதி 5.05 சொல்வதைச் சுருக்கினால் இதுதான்: தான் அடிக்க முயலாத ஒரு எறி துடுப்பாளரைத் தொட்டால் அவருக்கு முதலாம் பேஸ். இதற்கு இரண்டு விலக்குகள். தொட்ட நேரத்தில் பந்து ஸ்ட்ரைக் வலயத்துக்குள் (பிளேட்டுக்கு மேல், முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் இடைப்பட்ட வெளி) இருந்திருந்தால் பேஸ் கிடையாது. அவர் விலக எந்த முயற்சியும் எடுக்காவிட்டாலும் கிடையாது. முதல் விலக்கோடு ஒரு வரி ஒட்டியிருக்கிறது, பலரும் அதைத் தாண்டிப் படித்துவிடுகிறார்கள்: வலயத்துக்குள் தொட்ட பந்து ஸ்ட்ரைக், துடுப்பாளர் விலக முயன்றாலும் முயலாவிட்டாலும்.

ஆகவே நடுவரின் மூளையில் கேள்விகள் ஓடவேண்டிய ஒழுங்கு நிலையானது. பட்டதா? அடிக்க வீசினாரா? பட்டபோது பந்து வலயத்துக்குள்ளா? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்து, மூன்றாவதுக்கு 'இல்லை' என்று வந்தால் மட்டுமே நாலாவதான 'விலகினாரா' என்ற கேள்விக்கு வேலை. நம் நடுவர் மூன்றாவதில் 'ஆம்' என்று கண்டுவிட்டு நாலாவதுக்குப் போனார். துடுப்பாளரின் முகம் சுளித்ததும் உடல் முறுகியதும் கண்ணை இழுத்துவிட்டன.

சரியான தீர்ப்பு: பந்து செத்தது (ஆட்டம் அந்தக் கணத்தில் நின்றது), ஸ்ட்ரைக் மூன்று, துடுப்பாளர் அவுட். ஓட்டக்காரர்கள் எறி வீசப்பட்டபோது இருந்த பேஸ்களுக்குத் திரும்ப வேண்டும். மூன்றாம் பேஸ்காரர் எடுத்த ஓட்டம் கணக்கில் இல்லை. 4–4, இரண்டு அவுட், மூன்று பேஸும் நிறைவு. கெட்சர் பந்தைப் பிடிக்கவில்லையே, மூன்றாம் ஸ்ட்ரைக் தவறினால் துடுப்பாளர் ஓடலாமே என்று யாராவது கேட்கக்கூடும். இங்கே அது எடுபடாது. பந்து உடலில் பட்ட கணத்திலேயே செத்துவிட்டது. செத்த பந்தைப் பிடித்தாலும் விட்டாலும் ஒன்றுதான். அதுவும் போதாதென்றால், முதலாம் பேஸில் ஆள் இருக்க, இரண்டுக்குக் குறைவான அவுட்டில் அந்தச் சலுகையே கிடையாது.

வலயம் என்பது எவ்வளவு இடம்

பிளேட்டின் அகலம் 17 அங்குலம், ஏறத்தாழ 43 சென்ரிமீற்றர். முன்விளிம்பிலிருந்து பின்கூர் வரையும் அதே 17 அங்குலம். மேல் எல்லை தோளின் உச்சிக்கும் காற்சட்டையின் மேல்விளிம்புக்கும் நடுவில், கீழ் எல்லை முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள குழி. அடிக்கத் தயாராகக் குனிந்து நிற்கும் நிலையில்தான் இதை அளக்க வேண்டும், நிமிர்ந்து நிற்கும்போது அல்ல. பந்தின் ஏதாவது ஒரு பகுதி வலயத்தின் ஏதாவது ஒரு பகுதியைத் தொட்டால் போதும். பந்தின் விட்டம் 7.3 சென்ரிமீற்றருக்குக் கிட்ட என்பதால், பந்தின் நடுப்புள்ளி பிளேட்டின் விளிம்புக்கு மூன்றரை சென்ரிமீற்றர் வெளியே இருந்தாலும் அது ஸ்ட்ரைக்தான். கிட்டத்தட்ட இரண்டு விரல் அகலம்.

துடுப்பாளரின் பெட்டி பிளேட்டிலிருந்து 6 அங்குலம், அதாவது 15 சென்ரிமீற்றர் தள்ளிக் கோடிடப்படும். உட்கோட்டில் கால்விரலை வைத்து நின்று முன்னோக்கிக் குனியும் ஒருவரின் முழங்கை பிளேட்டுக்கு மேலே வர எந்தச் சிரமமும் இல்லை. ஆட்டம் தொடங்கி இரண்டு இனிங்ஸில் அந்த உட்கோடு காலடியில் அழிந்துபோகும். பிறகு எல்லோரும் பிளேட்டை நோக்கி நகர்ந்துவிடுவார்கள். கோட்டைத் திரும்பப் போடச் சொல்லாத நடுவர் பின்னால் வரும் பிரச்சினைக்குத் தானே வழிவிடுகிறார்.

இன்னொரு நுணுக்கம். பெட்டியின் நீளம் 6 அடி, பிளேட்டின் நடுவிலிருந்து முன்னுக்கு 3 அடி, பின்னுக்கு 3 அடி. அப்படியானால் பெட்டியின் முன்கோடு பிளேட்டின் முன்விளிம்பைவிட ஏறத்தாழ 70 சென்ரிமீற்றர் பிச்சர் பக்கம் இருக்கிறது. கேர்வ் வளைவதற்கு முன்னரே அடித்துவிட நினைப்பவர் அந்த முன்பகுதியில்தான் நிற்பார். அங்கே அவர் முழங்கையில் பந்து பட்டால், அது பிளேட்டின் நேர்கோட்டில் இருந்தாலும் இன்னும் வலயத்துக்குள் வரவில்லை. 'படாவிட்டால் ஸ்ட்ரைக் ஆகியிருக்கும்' என்பதற்கு விதியில் இடமில்லை. தொட்ட நேரத்தில் எங்கே இருந்தது என்பதுதான் கணக்கு. அந்த நிலையில் நாலாவது கேள்வி உயிர்பெறும். நம் துடுப்பாளர் திரும்பியதும் சாய்ந்ததும் விலகல் முயற்சி என்று ஏற்றுக்கொள்ளப்படும், பேஸும் கிடைத்திருக்கும், ஓட்டமும் விழுந்திருக்கும். முப்பது சென்ரிமீற்றர் முன்னே நின்றிருந்தால் ஆட்டம் அவர்கள் பக்கம்.

பிளேட் நடுவர் கெட்சருக்கும் துடுப்பாளருக்கும் இடைப்பட்ட இடைவெளியில் நிற்பதால் உள்விளிம்பு அவருக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், பந்து உடலை நோக்கி வரும்போது அவரும் சேர்ந்து தலையை இழுத்துவிடுவதுதான். கண் பந்தோடு போகலாம், தலை அசையக் கூடாது.

கச்சானும் கேர்வும்

ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாம் பேஸுக்குப் போகும் கோடு கிழக்கு–வடகிழக்காக இருப்பது நல்லது என்று விதிநூல் சொல்கிறது, பின்னேர வெயில் துடுப்பாளரின் கண்ணில் அடிக்காமலிருக்க. திருகோணமலையில் அப்படிக் கோடிட்டால், தென்மேற்கிலிருந்து தரைவழியாக வரும் கச்சான் கிட்டத்தட்ட கெட்சரின் முதுகுப் பக்கமிருந்து பிச்சரின் முகத்துக்கு அடிக்கும். எதிர்காற்றில் பந்துக்கும் காற்றுக்கும் இடையிலான வேகம் கூடும், சுழலும் பந்து அதிகம் வளையும். காலையில் தோளுக்கு நேராக வந்து தோளிலேயே முடிந்த கேர்வ், பின்னேரம் பிளேட்டுக்குள் விழும். துடுப்பாளரும் கெட்சரும் நடுவரும் மூவருமே ஏமாறுகிற இடம் இது. முதலாம் இனிங்ஸிலேயே பிச்சர் பழகப் போடும் எறிகளைப் பார்த்து வளைவின் அளவை மனதில் வைத்துக்கொண்டால் ஏழாவதில் உதவும்.

அதே காற்று தளர்வான சட்டையையும் ஊதிப் பெருப்பிக்கும். உடுப்பில் பட்டாலும் உடலில் பட்டதாகவே கணக்கு. காற்சட்டைக்குள் விடாத சட்டை நுனியை உரசிய பந்துக்கு ஒரு பேஸ் போவது களத்தடுப்பு அணிக்கு எரிச்சல்தான், ஆனாலும் விதி அதுதான். ஆட்டத்துக்கு முன் இரு அணிகளையும் சட்டையை உள்ளே விடச் சொல்வது ஒரு நிமிட வேலை. கழுத்துச் சங்கிலி, கைச் சங்கிலி போன்ற நகைகளில் மட்டும் பட்டால் பட்டதாக எடுப்பதில்லை.

கிரிக்கெட் கண்

மக்கெய்சரிலும் ஏகாம்பரம் மைதானத்திலும் கிரிக்கெட் பார்த்து, ஆடி, நடுவராகவும் நின்று பழகியவர்கள்தான் இங்கே பேஸ்போலுக்கு வருகிறார்கள். அவர்களுக்கு இந்த விதி பாதி தெரிந்ததுபோல் தோன்றும், சிக்கலும் அங்கேதான். கிரிக்கெட்டில் உடலில் பட்ட பந்துக்கு லெக் பை கிடைக்க, அடிக்க முயன்றிருக்க வேண்டும் அல்லது விலக முயன்றிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று போதும். பேஸ்போலில் அடிக்க முயன்றால் எல்லாம் போய்விடும். துடுப்பை வீசியபடி உடலில் வாங்கினால் அது ஸ்ட்ரைக், பந்து செத்தது. மூன்றாவது ஸ்ட்ரைக் என்றால் அவுட்.

கையைப் பற்றியும் அதே குழப்பம். துடுப்பைப் பிடித்த கையுறை துடுப்பின் பகுதி என்பது கிரிக்கெட் சட்டம். பேஸ்போலில் கை எப்போதும் கைதான். துடுப்பை அசைக்காமல் நின்றவரின் விரலில், வலயத்துக்கு வெளியே, விலக முயன்றும் பட்டால் முதலாம் பேஸ். வீசியபோது விரலில் பட்டால் ஸ்ட்ரைக். துடுப்பின் அடிக்குமிழில் முதலில் பட்டு வந்திருந்தால் மட்டும் அது அடித்த பந்து. சத்தத்தைக் கேளுங்கள்: மரத்தில் படும் சத்தம் கூர்மையாக இருக்கும், காப்பிலோ தசையிலோ படுவது மொத்தையாகக் கேட்கும். விரலை உதறிக்கொண்டு துள்ளுபவரை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

தரையில் குத்தி எழும்பி வந்த பந்தைப் பற்றியும் கேட்பார்கள். அதுவும் எறிதான். குத்தியபின் வலயத்தைக் கடந்தாலும் அது 'போல்' என்றே கணக்கு. துடுப்பாளர் மீது பட்டால் பேஸ் உண்டு. காலில் பட்டதா இல்லையா என்ற சண்டையைப் பந்தே தீர்த்துவைத்திருக்கிறது: 1957 வேர்ல்ட் சீரிஸில் (அமெரிக்க மேஜர் லீக்கின் இறுதித் தொடர்) நிப்பி ஜோன்ஸுக்கும் 1969 இல் கிளியோன் ஜோன்ஸுக்கும் பந்தில் ஒட்டியிருந்த சப்பாத்துப் பொலிஷைக் காட்டித்தான் முதலாம் பேஸ் கிடைத்தது. கறுப்புச் சப்பாத்து போடும் அணிகள் கவனிக்க.

விலகினாரா என்பதை எப்படி அளப்பது

பிச்சரின் பலகையிலிருந்து பிளேட்டுக்கு 18.44 மீற்றர். கை முன்னே நீண்டு விடுவதால் பந்து பயணிப்பது 17 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. மணிக்கு 105 கிலோமீற்றர் வேகத்தில் அது அரைச் செக்கனைச் சற்றே தாண்டும். அதற்குள் உடல் முழுவதையும் அகற்ற முடியாது, விதியும் அதைக் கேட்கவில்லை. கேட்பது ஒரு முயற்சி. தலையை இழுத்தாலும், முதுகைக் காட்டினாலும், இடுப்பைப் பின்னே தள்ளினாலும் போதும். வேகப் பந்து நேரே வரும்போது உறைந்து நிற்பவரையும் பெரும்பாலான நடுவர்கள் மன்னிக்கிறார்கள், அது நியாயம்தான். மன்னிக்கக் கூடாதது முழங்கையையோ முழங்காலையோ பந்துக்குள் நீட்டுவது. மெதுவான கேர்வில் அதைத் தெளிவாகக் காணலாம்: உடல் பின்னே போகும், முழங்கை மட்டும் முன்னே வரும்.

அப்படி நீட்டினால், வலயத்துக்கு வெளியே பட்டிருந்தால், அது ஒரு போல். எண்ணிக்கை ஒன்று கூடும், பந்து செத்தது, யாரும் நகரக் கூடாது. வேண்டுமென்றே நீட்டியதற்கு ஸ்ட்ரைக் கொடுப்பது சில மைதானங்களில் நடக்கிறது. இந்த விதிநூலில் அப்படி ஒரு தண்டனை இல்லை.

இந்தத் தீர்ப்பை அழுத்தமான நேரத்தில் துணிந்து கொடுத்த நடுவர் ஹரி வென்டல்ஸ்டெட். 1968 மே 31, டொட்ஜர்ஸ் அணியின் பிச்சர் டொன் ட்ரைஸ்டேல் ஓட்டமே கொடுக்காமல் தொடர்ந்து ஐந்தாவது ஆட்டத்தை முடிக்கப் போகிறார். ஒன்பதாம் இனிங்ஸ், ஒருவரும் அவுட் இல்லை, மூன்று பேஸும் நிறைவு. எறி எதிரணித் துடுப்பாளர் டிக் டீட்ஸ் மீது படுகிறது. முதலாம் பேஸ் கொடுத்தால் ஓட்டம், தொடர் முறியும். டீட்ஸ் விலக முயலவில்லை என்று சொல்லி வென்டல்ஸ்டெட் அந்த எறியை 'போல்' என்று அறிவித்தார். டீட்ஸ் பிறகு பிடிகொடுத்து அவுட். தொடர் 58⅔ இனிங்ஸ் வரை போனது. மறுபக்க உதாரணம் 2015 ஜூன் 20. பிச்சர் மக்ஸ் ஷேர்சர் 26 பேரை வரிசையாக அவுட் ஆக்கியபின், இருபத்தேழாவது ஆளான ஹோசே தபாட்டாவின் முழங்கைக் காப்பில் பந்து பட்டது. முதலாம் பேஸ் கொடுக்கப்பட்டது, நிறை ஆட்டம் (எதிரணியில் ஒருவரையும் பேஸுக்கு விடாத ஆட்டம்) போனது. முழங்கையைத் தாழ்த்தி வாங்கினாரா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

நம் நிகழ்வுக்கு நேர் இரட்டை 2021 ஏப்ரல் 8 இல் நியூயோர்க்கில் நடந்தது. மெட்ஸ், மார்லின்ஸ் அணிகள் 2–2. ஒன்பதாம் இனிங்ஸ், ஒருவர் அவுட், மூன்று பேஸும் நிறைவு, எண்ணிக்கை ஒரு போல் இரண்டு ஸ்ட்ரைக். மைக்கல் கொன்ஃபோர்ட்டோவின் முழங்கைக் காப்பை உரசிய பந்து வலயத்துக்குள் இருந்தது. பிளேட் நடுவர் ரொன் குல்ப்பா முதலாம் பேஸ் கொடுத்தார், ஆட்டம் 3–2 என முடிந்தது. வலயத்துக்குள் பட்டது, அவுட் கொடுத்திருக்க வேண்டும் என்று பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். வீடியோ மறுபரிசீலனையாலும் காப்பாற்ற முடியவில்லை. பந்து பட்டதா என்பதை மட்டுமே அதில் பார்க்கலாம். எங்கே பட்டது, விலகினாரா என்பவை நடுவரின் கண்ணுக்கே விடப்பட்டவை.

எதைத் திருத்தலாம், எதை முடியாது

இங்கேதான் அந்தப் பயிற்றுவிப்பாளரின் கெட்டித்தனம். அவர் "ஸ்ட்ரைக் சேர், கண் தெரியேல்லையா" என்று கத்தியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. பந்து எங்கே இருந்தது, விலகினாரா, வீசினாரா என்பவை தீர்மானங்கள். அவற்றோடு வாதாட முடியாது. ஆனால் நடுவர் தான் கண்டதை வாயால் சொல்லி, அந்தக் காட்சிக்கு விதி வேறு தீர்ப்புச் சொல்கிறது என்றால், திருத்தச் சொல்லிக் கேட்க அணிக்கு உரிமை உண்டு. அதனால்தான் முதல் கேள்வி 'பந்து எங்க இருந்தது' என்று இருக்க வேண்டும். 'வெளியில' என்று பதில் வந்திருந்தால், நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி நடப்பதைத் தவிர வழியில்லை.

பேஸ் நடுவரிடம் கேட்கலாமா? பட்டதா என்பதை அவர் சொல்லக்கூடும். துடுப்பு வீசப்பட்டதா என்பதற்கும் கேட்கலாம். வலயத்தைப் பற்றி உட்களத்திலிருந்து அவர் சொல்வதற்கு மதிப்பில்லை, கேட்காமலிருப்பதே நல்லது.

நடுவரின் முதல் பிழை வேறு: அந்த மௌனம். என்ன தீர்ப்பு என்று தெரியாவிட்டாலும், எறி உடலில் பட்டவுடன் இரு கைகளையும் உயர்த்தி 'டெட் போல்' என்று உரக்கச் சொல்ல வேண்டும். நான்கு விடைகளில் எதுவானாலும், உடலில் பட்ட எறி செத்த எறிதான். முதலில் அதைச் சொல்லிவிட்டால் யோசிக்க இரண்டு செக்கன் கிடைக்கும், ஓட்டக்காரர்கள் ஓடமாட்டார்கள், கெட்சர் எறிந்து இன்னொருவரைக் காயப்படுத்தமாட்டார். பிறகு அடுத்த சைகை. வலயத்துக்குள் என்றால் ஸ்ட்ரைக் சைகை, குரல் கூடுதலாக. விலகவில்லை என்றால் "தம்பி, இங்கயே நில்" என்று துடுப்பாளரைப் பெட்டியில் நிறுத்திவிட்டு, போல் என்று அறிவித்து எண்ணிக்கையைக் காட்ட வேண்டும். பேஸ் என்றால் கையை நீட்டி முதலாம் பேஸைக் காட்ட வேண்டும்.

பேஸ் கொடுக்கும் நிலையிலும் ஓட்டக்காரர் எல்லோரும் ஒன்று நகர்வதில்லை, தள்ளப்படுபவர்கள் மட்டுமே. முதலாம் பேஸ் காலியாக இருந்து இரண்டாமவர் மூன்றைத் திருட ஓடியிருந்தால், அவர் இரண்டுக்கே திரும்ப வேண்டும். மூன்றும் நிறைந்து வெற்றி ஓட்டம் தள்ளப்பட்டால், மூன்றாம் பேஸ்காரர் ஹோம் பிளேட்டையும் துடுப்பாளர் முதலாம் பேஸையும் தொடும்வரை ஆட்டம் முடியாது. கொண்டாட்டத்தில் துடுப்பாளரைத் தோளில் தூக்கிவிடும் அணிகள் இதை மறந்துவிடுகின்றன.

தலையில் பட்டால் தீர்ப்பைவிட ஆள் முக்கியம். 1920 இல் கார்ல் மேய்ஸின் எறி தலையில் பட்ட ரே சப்மன் மறுநாள் இறந்தார். மேஜர் லீக்கில் தலைக்கவசம் கட்டாயமானது 1971 இல்தான். எழுந்து நடக்கிறார் என்பதற்காக ஓட விடாதீர்கள். அவருக்குரிய பேஸுக்கு மாற்று ஓட்டக்காரர் போகலாம். நெஞ்சில் வாங்கிச் சரிந்து, நினைவும் மூச்சும் இல்லையென்றால் பந்து, பேஸ் எல்லாவற்றையும் விட்டுவிட்டு உடனே இதய மசாஜ் தொடங்கி அம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

பிச்சர் வேண்டுமென்றே உடலுக்கு எறிந்தார் என்று நடுவர் தீர்மானித்தால் அவரை, தேவையென்றால் முகாமையாளரையும் சேர்த்து, வெளியேற்றலாம், அல்லது இரு அணிகளையும் எச்சரிக்கலாம். நம் நிகழ்வில் அதற்கு வேலையில்லை. மூன்றும் நிறைந்திருக்க, சமநிலையில், இரண்டு ஸ்ட்ரைக் எடுத்துவிட்டு யாரும் உடலுக்கு எறியமாட்டார்கள்.

திருத்தியபின் களத்தில்

புள்ளிப் பதிவாளர் துடுப்பாளருக்கு ஸ்ட்ரைக் அவுட் என்று எழுதி, அவுட்டைக் கெட்சர் பெயரில் போடுவார். பேஸ் கொடுத்தது நிலைத்திருந்தால் துடுப்பாளருக்கு அது துடுப்பெடுத்த முறையாகக் கணக்கில் வராது, தள்ளப்பட்ட ஓட்டம் மட்டும் அவர் பெயரில் சேரும். இப்போது இரண்டும் மாறுகின்றன. ஐந்தாவது ஓட்டத்தைப் புள்ளிப் பலகையிலிருந்து அழிக்க வேண்டும். பிச்சரின் எறி எண்ணிக்கையில் அந்த எறி அப்படியே நிற்கும்.

மைதானத்துக்குள் பாய்ந்தவர்களை வெளியேற்றி, மூன்று ஓட்டக்காரர்களையும் பெயர் சொல்லி அவரவர் பேஸில் நிறுத்துங்கள். இரண்டாம் பேஸில் நின்றவர் மூன்றில் போய் நிற்பது சாதாரணமாக நடக்கும். அழிந்த உட்கோட்டுக்குச் சுண்ணாம்பு போடவும் இதுவே நேரம். இரு பயிற்றுவிப்பாளர்களையும் ஒன்றாக அழைத்து ஒரே வசனத்தில் சொல்லுங்கள்: பந்து வலயத்துக்குள் பட்டது, ஸ்ட்ரைக் மூன்று, இரண்டு அவுட். அடுத்த துடுப்பாளர் பெட்டிக்குள் வந்து, பிச்சர் பந்தோடு பலகையில் கால்வைத்து, பிளேட் நடுவர் 'பிளே' என்று சொன்ன பிறகுதான் பந்துக்கு மறுபடி உயிர்.